அலமாரி ஆலையுடையது, சரக்கு யாருடையது?

காலை 6 மணி. தெருமுனை டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது.

ஒரு சிறிய வேன் வந்து நிற்கிறது. ரொட்டிக் கம்பெனி வேன். அதிலிருந்து ஒருவர் இறங்குகிறார். "இன்று எத்தனை வேண்டும்?" என்று அவர் கடைக்காரரைக் கேட்பதில்லை. நேராகக் கண்ணாடி அலமாரிக்குப் போகிறார். எண்ணிப் பார்க்கிறார்.

முந்தின நாள் 12 பாக்கெட் வைத்திருந்தார். மீதி 4 இருக்கிறது. விற்றது 8. மீதியுள்ள நாலில் ஒன்று தேதி முடிந்தது. அதைத் திரும்ப எடுத்துக் கொள்கிறார். 9 புதிய பாக்கெட்டுகளை அடுக்குகிறார். அலமாரியில் மறுபடியும் 12. விற்ற 8 பாக்கெட்டுக்கு மட்டும் பணம் வாங்குகிறார். வேன் போய்விடுகிறது.

கடைக்காரர் ஆர்டர் எழுதவில்லை. கணக்குப் பார்க்கவில்லை. அவர் பாட்டுக்கு டீ ஆற்றிக் கொண்டிருந்தார்!

இந்த எளிய ஏற்பாட்டுக்கு ஒரு பெரிய பெயர் இருக்கிறது. "வெண்டார் மேனேஜ்டு இன்வென்டரி" என்பது அந்தப் பெயர். சுருக்கமாக, "வி.எம்.ஐ." சரக்கு கொடுப்பவரே இருப்பையும் பார்த்துக் கொள்வது என்று பொருள்.

இன்று உலகத்தின் பெரிய மோட்டார் ஆலைகள் பலவற்றில் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது.

இது நல்ல முறைதானா?

நல்ல முறைதான். ஆனால் ஒன்று. ரொட்டிக் கம்பெனி பெரியது, டீக்கடை சிறியது. மோட்டார் தொழிலில் நிலைமை தலைகீழ். அங்கே அலமாரிக்குச் சொந்தக்காரர் யானை. சரக்கு கொடுப்பவர் பெரும்பாலும் எறும்பு. யானையின் பாரத்தை எறும்பின் தலையில் ஏற்றினால் என்ன ஆகும்? இதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி.

30 ஆயிரம் உருப்படி!

ஒரு மோட்டார் காரில் எத்தனை பாகங்கள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நூறா? ஆயிரமா?

சின்ன ஸ்குரு வரை எண்ணினால், சுமார் 30 ஆயிரம்!

இவ்வளவையும் கார் ஆலையே செய்வதில்லை. சீட்டு ஒரு கம்பெனியில் வரும். கண்ணாடி இன்னொன்றில். டயர் வேறொன்றில். போல்ட்டும் நட்டும், ரப்பர் வளையமும், பிரேக் குழாயும் வெவ்வேறு பட்டறைகளில் உருவாகும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, ஆலையில் பூட்டுகிறார்கள்.

30 ஆயிரத்தில் ஒன்று குறைந்தாலும் கார் வெளியே போகாது. 10 ரூபாய் சாமானுக்காக 10 லட்சம் ரூபாய் வண்டி காத்துக் கிடக்கும்.

அதற்காக எல்லாப் பாகங்களையும் மலைபோல வாங்கிக் குவித்து வைக்கலாமா? அதுவும் முடியாது. கிட்டங்கி வேண்டும். காவல் வேண்டும். வாங்கிய சரக்கில் பணம் முடங்கும். வட்டி ஏறும். துருப் பிடிக்கும். மாடல் மாறினால் அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

குறைந்தாலும் ஆபத்து. கூடினாலும் நஷ்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் வி.எம்.ஐ.

எப்படி நடக்கிறது?

முதலில் ஆலையும் சப்ளையரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு எல்லை குறிக்கிறார்கள். "இதற்குக் கீழே போகக்கூடாது" என்று ஓர் எல்லை. "இதற்கு மேலே ஏறக்கூடாது" என்று இன்னோர் எல்லை.

பிறகு ஆலை தன் கணக்கைத் திறந்து காட்டுகிறது. இன்று எவ்வளவு செலவாயிற்று? அலமாரியில் மீதி எவ்வளவு? அடுத்த வாரம் எத்தனை கார் செய்யப் போகிறோம்? அடுத்த மாதம் எத்தனை? இந்த விவரங்கள் கம்ப்யூட்டர் வழியாகச் சப்ளையருக்குப் போய்விடும்.

அதற்குப் பிறகு ஆலை ஆர்டர் போடுவதில்லை. எப்போது அனுப்புவது, எவ்வளவு அனுப்புவது என்பதைச் சப்ளையரே முடிவு செய்கிறார். இரண்டு எல்லைக்கும் நடுவில் இருப்பு நிற்க வேண்டும். அது அவர் பொறுப்பு.

சரக்கு ஆலைக்குள்ளேயே இருக்கலாம். அல்லது ஆலைக்குப் பக்கத்தில் ஒரு பொதுக் கிட்டங்கியில் இருக்கலாம். பல இடங்களில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆலை அந்தச் சாமானை எடுத்துப் பூட்டும் வரை, அது சப்ளையருடைய சொத்து! எடுத்த பிறகுதான் பில். பில்லுக்குப் பிறகுதான் பணம்.

இந்தக் கடைசி நிபந்தனையை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். சண்டை அங்கேதான் ஆரம்பம்.

குழந்தைத் துணி சொன்ன பாடம்

இந்த முறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கார் அல்ல. கைக்குழந்தைக்குக் கட்டும் டயாப்பர்!

1980-ம் ஆண்டுகளின் பிற்பகுதி. அமெரிக்காவின் பெரிய கடைக் கம்பெனியான வால்மார்ட்டும், பிராக்டர் அண்டு கேம்பிள் என்ற கம்பெனியும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தன. கடையில் எவ்வளவு விற்கிறது என்ற கணக்கை வால்மார்ட் காட்டும். அதைப் பார்த்துச் சரக்கை நிரப்புவது பிராக்டர் அண்டு கேம்பிள் பொறுப்பு.

அந்தக் கம்பெனி தன் டயாப்பர் கணக்கில் ஓர் அதிசயத்தையும் கண்டது. குழந்தைகள் தினமும் ஒரே அளவாகத்தான் டயாப்பரை நனைக்கின்றன. கடையில் விற்பனையும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கிறது. ஆனால் கம்பெனிக்கு வரும் ஆர்டர் மட்டும் ஒரு வாரம் மலை. மறு வாரம் மடு!

காரணம் என்ன? கடைக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார். மொத்த வியாபாரி, "விற்பனை ஏறுகிறது போலிருக்கிறது" என்று இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். அவருக்கு மேலே உள்ளவர் அதற்கும் மேல். கடைசியில் ஆலைக்கு வரும்போது சிறு அலை பெரிய அலையாகிவிடுகிறது.

வண்டிக்காரர் சாட்டையைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியில் லேசாகச் சுண்டினால் போதும். நுனி "சடார்" என்று அடிக்கும். இதற்கும் சாட்டையின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சாட்டையின் நுனியில் இருப்பவர் யார்? கடைசிப் பட்டறைக்காரர். ஒரு மாதம் இரவும் பகலும் வேலை. அடுத்த மாதம் ஆட்களுக்கு வேலையே இல்லை. ஆலையின் உண்மையான கணக்கு அவர் கண்ணுக்குத் தெரிந்தால், இந்த அடி குறையும். வி.எம்.ஐ.யின் உண்மையான பலன் இதுதான்.

ஜப்பான்காரரின் அட்டை

மோட்டார் தொழிலில் இந்த எண்ணத்துக்கு இன்னொரு தாய்வீடும் உண்டு. அது ஜப்பான்.

1950-ம் ஆண்டில் டொயோட்டா கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தது. விற்காத வண்டிகள் தேங்கின. தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. கம்பெனியைத் தொடங்கிய கீச்சிரோ டொயோடா பதவியை விட்டு விலகினார். தேவைக்கு மேல் செய்து குவித்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கம்பெனி பட்டுத் தெரிந்து கொண்டது.

அங்கே தாயீச்சி ஓனோ என்று ஒரு பொறியாளர் இருந்தார். 1956-ல் அவர் அமெரிக்கா போனார். பெரிய கார் ஆலைகளைப் பார்த்தார். ஆனால் அவர் மனத்தைக் கவர்ந்தது கார் ஆலை அல்ல, சூப்பர் மார்க்கெட்! வாடிக்கையாளர் தனக்கு வேண்டியதை, வேண்டிய அளவு எடுக்கிறார். எடுத்த இடத்தை மட்டும் கடைக்காரர் நிரப்புகிறார்.

ஆலையிலும் அப்படியே செய்ய முடியும் என்று ஓனோ காட்டினார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை. பெட்டி காலியானால் அட்டை திரும்பிப் போகும். அட்டை வந்தால் மட்டுமே அடுத்த பெட்டி வரும். இந்த அட்டைக்குக் "கான்பான்" என்று பெயர். ஜப்பானிய மொழியில் பெயர்ப்பலகை என்று அர்த்தம்.

பிற்காலத்தில் அட்டையின் வேலையை எந்திரங்கள் எடுத்துக் கொண்டன. சுவிட்சர்லாந்து நாட்டில் போசார்டு என்று ஒரு போல்ட், நட்டுக் கம்பெனி. அது ஆலைகளில் வைக்கும் பெட்டிக்கு அடியில் தராசு இருக்கிறது. போல்ட்டை எடுக்க எடுக்க எடை குறையும். எடை குறைந்தால் கம்பெனிக்குச் செய்தி பறக்கும். சரக்கு வந்துவிடும். எண்ணவும் ஆள் வேண்டாம். எழுதவும் ஆள் வேண்டாம்!

போல்ட், நட்டுக்கு இது மிகவும் பொருத்தம். ஒன்றின் விலை சொற்பம். வகையோ ஏராளம். வாங்கும் விலையை விட, வாங்குவதற்கு ஆகும் எழுத்துவேலைதான் அதிகம். அந்தத் தலைவலி ஆலைக்கு விட்டது.

1996-ல் பிரேசில் நாட்டில் இதற்கும் மேலே ஒரு படி போனார்கள். ரெசெண்டே என்ற ஊரில் வோக்ஸ்வாகன் கம்பெனி லாரி, பஸ் ஆலை திறந்தது. அங்கே சப்ளையர்கள் சரக்கைக் கொண்டு வந்து வைப்பதோடு நிற்பதில்லை. அவர்களுடைய ஆட்களே ஆலைக்குள் நின்று பாகங்களை வண்டியில் பூட்டுகிறார்கள்! வண்டி முழுமையாகி, பரிசோதனையில் தேறிய பிறகுதான் அவர்களுக்குப் பணம் என்று ஏற்பாடு.

ஒரு சிறு கணக்கு

இதுவரை எல்லாம் சரி. இனி மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு சிறு பட்டறை என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கே கார் ஆலைக்கு ஒரு சிறு இரும்புப் பாகம் செய்கிறார்கள். விலை 100 ரூபாய். ஆலைக்குத் தினம் 2,000 வேண்டும். ஆக, ஒரு நாள் சரக்கு 2 லட்சம் ரூபாய்.

"15 நாள் சரக்கு எங்கள் அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டும்" என்கிறது ஆலை. அதாவது 30 லட்சம் ரூபாய்ச் சரக்கு.

பட்டறைக்காரர் பாங்கில் கடன் வாங்குகிறார். வட்டி நூற்றுக்கு 12 என்று வைத்துக் கொண்டால், வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். மாதம் 30 ஆயிரம் ரூபாய். அந்தப் பணத்தில் இன்னொரு ஆளுக்கு வேலை கொடுக்கலாமே!

கதை அதோடு முடியவில்லை. ஆலை சாமானை எடுத்த பிறகுதான் பில். பில் போட்டு 45 நாள் கழித்துப் பணம் என்றால், சரக்கு பட்டறையை விட்டுக் கிளம்பி 60 நாள் ஆகிவிடுகிறது. 60 நாள் சரக்கின் விலை 1 கோடியே 20 லட்சம் ரூபாய். இவ்வளவும் எந்த நேரமும் வெளியே நிற்கும். ஆனால் சனிக்கிழமை கூலி நிற்குமா? கரண்டு பில் நிற்குமா? இரும்பு வியாபாரி 60 நாள் பொறுப்பாரா?

கார் ஆலை தன் வருஷக் கணக்கில், "எங்களிடம் கையிருப்பு குறைந்துவிட்டது, பணம் மிச்சம்" என்று பெருமையாக எழுதும். உண்மையில் கையிருப்பு குறையவில்லை. அது அதே அலமாரியில்தான் இருக்கிறது. பெயர்தான் மாறியிருக்கிறது!

பெரிய கார் ஆலைக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். சிறிய பட்டறைக்கு அதிக வட்டி. பாரத்தை அதிக வட்டிக்காரர் தலைக்கு மாற்றினால், மொத்தச் செலவு கூடத்தான் செய்யும். அது என்றைக்காவது ஒரு நாள் பாகத்தின் விலையில் ஏறும். அல்லது தரத்தில் இறங்கும். இரண்டும் கார் வாங்குபவர் தலையில்தான் விடியும்.

ஆலைகள் என்ன சொல்கின்றன?

ஆலைகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

"எங்கள் கணக்கு முழுவதும் அவர்களுக்குத் தெரிகிறது. திடீர் ஆர்டர் கிடையாது. லாரியை நிறைத்து அனுப்பலாம். எந்திரத்தை அடிக்கடி மாற்றாமல், ஒரே மூச்சில் நிறையச் செய்யலாம். இடையில் வேறு ஆள் நுழைய முடியாது. நிலையான வாடிக்கை கிடைக்கிறது" என்பது ஆலைகளின் வாதம்.

இவை எல்லாம் மெய்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு நிபந்தனையில் தொங்குகிறது. ஆலை கொடுக்கும் கணக்கு சரியாக இருக்க வேண்டும்! "அடுத்த மாதம் 50 ஆயிரம் கார்" என்று சொல்லிவிட்டு 30 ஆயிரம் செய்தால், மிச்சச் சரக்குக்கு யார் பொறுப்பு? தவறான கணக்கைக் கொடுப்பவர் ஒருவர். தண்டம் கட்டுபவர் இன்னொருவர் என்றால், கணக்கைச் சரியாகக் கொடுக்க யாருக்கு அக்கறை வரும்?

தீ கற்பித்த பாடம்

பெரிய ஆலையும் சிறிய சப்ளையரும் எப்படி நடந்து கொள்ள வேண்டும்? இதற்கு ஜப்பானில் நடந்த ஒரு சம்பவம் நல்ல சாட்சி.

1997-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி. சனிக்கிழமை. அதிகாலை 4 மணி 18 நிமிடம்.

காரியா நகரில் உள்ள ஐசின் செய்கி கம்பெனியின் ஆலையில் தீப் பிடித்தது. நூற்றுக்கணக்கான எந்திரங்கள் நாசமாயின.

அங்கே செய்யப்பட்டது ஒரு சின்ன பிரேக் வால்வு. கைக்குள் அடங்கிவிடும். விலையும் மலிவு. ஆனால் டொயோட்டா கார்களுக்கு வேண்டிய அந்த வால்வில் 99 சதவீதம் அந்த ஓர் ஆலையில்தான் தயாராயிற்று! கையிருப்போ மிகவும் சொற்பம்.

சில நாட்களில் டொயோட்டாவின் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. நாட்டின் மிகப் பெரிய கார் கம்பெனி ஒரு சின்ன வால்வுக்காகக் கைகட்டி நின்றது!

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். ஐசின் தன் வரைபடங்களை எல்லோருக்கும் கொடுத்தது. பக்கத்துப் பட்டறைகள், போட்டிப் பட்டறைகள், எல்லாம் வேலையில் இறங்கின. பிரதர் என்ற தையல் மெஷின் கம்பெனி கூட வால்வு செய்தது! "யார் பணம் தருவார்கள்? எவ்வளவு தருவார்கள்?" என்று முதலில் யாரும் பேரம் பேசவில்லை. சுமார் 200 கம்பெனிகள் கை கொடுத்தன. சுமார் ஒரு வாரத்தில் ஆலைகள் மறுபடியும் ஓடின.

டொயோட்டா என்ன செய்தது? வாயால் நன்றி சொல்லி நிறுத்தவில்லை. தன் நேரடிச் சப்ளையர்களுக்கு, அந்த ஜனவரி முதல் மார்ச் வரை அவர்கள் கொடுத்த சரக்கின் மதிப்பில் 1 சதவீதத்தைத் தனியாக வழங்கியது. மொத்தம் சுமார் 1,500 கோடி யென்.

இக்கட்டில் சப்ளையர் தோள் கொடுத்தார். ஆலை மடி திறந்தது. இதுதான் கூட்டு!

வைத்திரு என்றால், கொடு!

2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி ஜப்பானில் பெரும் பூகம்பமும் சுனாமியும் வந்தன. கார்களுக்கு வேண்டிய சின்னஞ்சிறு மின்னணுச் சில்லுகளைச் செய்யும் ரெனசாஸ் கம்பெனியின் நாகா ஆலையும் சேதமடைந்தது. கார் உற்பத்தி பல மாதங்கள் தள்ளாடியது.

அதற்குப் பிறகு டொயோட்டா சப்ளையர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது. "சில்லுகளை மட்டும் 2 மாதம் முதல் 6 மாதம் வரை கையிருப்பு வையுங்கள்" என்றது. கையிருப்பே கூடாது என்று உலகத்துக்குப் பாடம் சொன்ன அதே டொயோட்டாதான்!

சும்மா வைக்கச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் சப்ளையர்களிடம் விலைக் குறைப்புக் கேட்பது அதன் வழக்கம். அந்தக் குறைப்பில் ஒரு பகுதியை, இருப்பு வைக்கும் செலவுக்காகத் திருப்பிக் கொடுத்தது.

இதற்குப் பலன் கிடைத்ததா? கிடைத்தது. 2020-ல் கொரோனா பரவியபோது, உலகக் கார் கம்பெனிகள் பலவும் சில்லு ஆர்டர்களை ரத்து செய்தன. சில மாதத்தில் கார் விற்பனை திரும்பியது. ஆனால் சில்லுகள் திரும்பவில்லை. கம்ப்யூட்டர், டெலிபோன் செய்பவர்கள் அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டார்கள். 2021-ல் உலகம் முழுவதும் கார் ஆலைகள் தவித்தன. இந்தியாவின் மாருதி சுசுகி கூட, 2021 செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் 40 சதவீதம் அளவுதான் செய்ய முடியும் என்று அறிவித்தது.

டொயோட்டா மட்டும் பல மாதம் தாக்குப் பிடித்தது. கடைசியில் அந்த செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைத்தது. சேமிப்பு எதுவும் என்றென்றைக்கும் வராது. ஆனால் மற்றவர் தடுமாறிய நேரத்தில் நின்று காட்டியது பெரிய விஷயம்.

மாடல் நின்றால்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. சரக்கு அலமாரியில் இருக்கிறது. திடீரென்று அந்த மாடலே நின்றுவிட்டால்?

இது கற்பனை அல்ல. 2017-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி, இந்திய சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. பி.எஸ்.3 என்ற பழைய புகை விதிப்படி செய்த வண்டிகளை ஏப்ரல் 1-ந் தேதி முதல் விற்கக்கூடாது என்றது. அப்போது கம்பெனிகளிடமும் கடைகளிடமும் சுமார் 8 லட்சத்து 24 ஆயிரம் வண்டிகள் விற்காமல் இருந்தன! இருந்த இரண்டொரு நாளில் விலையைக் குறைத்து, அடித்துப் பிடித்து விற்றார்கள்.

வண்டியையாவது தள்ளுபடி விலைக்கு விற்றுவிடலாம். வண்டிக்கென்று செய்த பாகத்தை யாரிடம் விற்பது? அது வேறு எதற்கும் பொருந்தாது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி பி.எஸ்.6 விதி வந்தது. இப்போது மின்சார வண்டிகள் வருகின்றன. அவற்றுக்குப் பிஸ்டன் வேண்டாம்; புகைக்குழாய் வேண்டாம். மாற்றம் வரத்தான் செய்யும். வரவும் வேண்டும். ஆனால் அலமாரியில் நிற்கும் பழைய பாகத்தின் நஷ்டம் யாருக்கு?

"நாங்கள் எடுக்கவில்லை, ஆகவே எங்களுடையது அல்ல" என்று ஆலை கையை விரித்தால், அது கூட்டு வியாபாரம் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கென்று 2006-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. குறு, சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கினால், ஏற்றுக் கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்து மூலம் அதற்கு மேல் தவணை பேசினாலும் செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் பாங்கு அறிவிக்கும் பாங்கு வட்டியைப் போல் 3 மடங்கு. அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி!

நல்ல சட்டம். சரக்கை நேரில் ஒப்படைத்த நாள்தான் ஏற்றுக் கொண்ட நாள் என்றும் அது சொல்கிறது. ஆனால் வி.எம்.ஐ. அலமாரிக்கு முன்னால் இந்தச் சட்டம் சற்றுத் திகைத்து நிற்கிறது. லாரி வந்து இறக்கிய நாள் ஒப்படைத்த நாளா? ஆலை கையை நீட்டி எடுத்த நாள் ஒப்படைத்த நாளா? பட்டறைக்காரர் முதல் நாளைச் சொல்வார். ஆலை இரண்டாவது நாளைச் சொல்லும். நடுவில் இருக்கும் 15 நாள், 20 நாள் வட்டியை யார் சுமப்பது?

வாடிக்கை போய்விடுமோ என்ற பயத்தில், பட்டறைக்காரர் வழக்குப் போடத் துணிவதில்லை. ஆற்றில் இருந்து கொண்டு முதலையைப் பகைக்க முடியுமா?

நான்கு நிபந்தனை

அம்பத்தூரிலும், ஓசூரிலும், கோயம்புத்தூரிலும் மோட்டார் பாகங்கள் செய்யும் பட்டறைகள் ஏராளம். ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றிப் பெரிய ஆலைகள் இருக்கின்றன. ஆகவே இது ஜப்பான்காரரின் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. லேத்தில் நிற்கும் தொழிலாளியின் வீட்டு அடுப்பு வரைக்கும் இது வருகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பகுதிக் கார் ஆலைகளே சில நாட்கள் நின்றன. பெரிய ஆலை ஒரு வாரம் நின்றால் சமாளித்து எழுந்துவிடும். அலமாரியில் 30 லட்சத்தை அடுக்கிவிட்டுக் காத்திருக்கும் பட்டறை எழுந்திருக்குமா?

வி.எம்.ஐ. வேண்டாம் என்பது தீர்வு ஆகாது. அதை நேர்மையாக நடத்த வேண்டும். அதற்கு நான்கே நான்கு நிபந்தனை போதும்.

ஒன்று: ஆலை தரும் கணக்கு மெய்யாக இருக்க வேண்டும். அடுத்த சில வாரங்களுக்குச் சொன்ன எண்ணிக்கையில் பின்வாங்கினால், மிச்சச் சரக்கை ஆலையே வாங்கிக் கொள்ள வேண்டும்.

இரண்டு: அலமாரியில் சரக்கு எத்தனை நாள் தங்கலாம் என்று ஒரு வரம்பு வேண்டும். அந்த நாள் தாண்டினால், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் விற்றதாகக் கணக்கு. பணம் கொடுத்துவிட வேண்டும்.

மூன்று: மாடல் நின்றால், ஆலை குறித்த எல்லைக்குள் இருந்த சரக்கின் நஷ்டம் ஆலையைச் சேர வேண்டும். எல்லைக்கு மேல் செய்து குவித்தது பட்டறைக்காரர் பொறுப்பு. இதுதான் இரு தரப்புக்கும் நியாயம்.

நான்கு: இருப்பு வைக்கும் செலவு பாகத்தின் விலையில் தெரிய வேண்டும். "வைத்திரு" என்று சொல்கிறவர், வைத்திருக்கக் கூலி கொடுக்க வேண்டும்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு, "சரக்கு எந்த நாளில் ஆலையுடையது ஆகிறது?" என்ற ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். பிறகு வருந்துவதை விட, முதலில் கேட்பது மேல்.

மறுபடியும் அந்த டீக்கடைக்குப் போவோம்.

தேதி முடிந்த ரொட்டியை எடுத்துப் போனாரே, அந்த நஷ்டத்தை ரொட்டிக் கம்பெனி தாங்கிக் கொண்டது. ஏன்? அது பெரியது. அதனால் தாங்க முடியும். டீக்கடைக்காரர் மறுநாளும் கடை திறந்தால்தான் தனக்கும் வியாபாரம் என்று அதற்குத் தெரியும்.

ரொட்டி விற்பவருக்குத் தெரிந்த இந்த நியாயம், கார் செய்பவருக்கும் தெரிய வேண்டாமா?